பகைவருக்காக ஜெபிப்பது எப்படி? தீர்ப்பிலிருந்து இரக்கத்துக்கு வரும் வழி, படிப்படியாக

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற கட்டளையை அறியாத கிறிஸ்தவர் இல்லை. அதை எங்கிருந்து தொடங்குவது என்று அறிந்தவர்கள்தான் குறைவு. சபையில் இந்தப் பயிற்சியைப் பலரோடு சேர்ந்து செய்து பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: தடுமாறுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசிப் படியில் தொடங்கியவர்கள். எடுத்த எடுப்பிலேயே எதிராளியின் வீட்டுக்குப் போய்க் கைகொடுக்கிறார்கள், அல்லது "நான் மன்னித்துவிட்டேன்" என்று சபைக்கு முன் சாட்சி சொல்லிவிடுகிறார்கள். சில வாரங்களில் பழைய கசப்பு இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது.

வரிசையை இயேசுவே கொடுத்திருக்கிறார். "முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுத்துப்போட வகைபார்ப்பாய்" (மத்தேயு 7:5). கீழே உள்ள படிகள் இந்த வரிசையைப் பின்பற்றுகின்றன. தவக்காலம் என்னும் லெந்து நாட்கள் இதற்கு வசதியானவை: சாம்பல் புதன் முதல் உயிர்த்தெழுந்த திருநாளுக்கு முந்தின சனி வரை, ஞாயிறுகளைக் கழித்தால், 40 நாட்கள். ஆனால் லெந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

விளக்கத்துக்காக, நம் குடும்பங்களில் அடிக்கடி காணும் வழக்கு ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்தபோது தம்பி வீட்டைத் தன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதி வாங்கிக்கொண்டான். அக்காவுக்கு அது அடக்க ஆராதனையெல்லாம் முடிந்த பிறகுதான் தெரியவந்தது. அந்த அக்காவின் இடத்தில் உங்களை வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. தொடங்குவதற்கு முன் தேவைப்படுபவை

முதல் தேவை பாதுகாப்பு. அடி, மிரட்டல், பாலியல் தொல்லை ஆகியவை இன்னும் நடந்துகொண்டிருக்குமானால் இந்தப் பயிற்சியை இப்போது தொடங்காதீர்கள். முதலில் அந்த இடத்தை விட்டு வெளியேறுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. "சிலுவையைச் சுமந்துகொள்" என்று சொல்லி, அடிக்கிற கணவனிடமே ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பும் ஆலோசனையை யார் சொன்னாலும், சொல்பவர் ஆயராகவே இருந்தாலும், ஏற்க வேண்டாம். கையில் அகப்பட்ட சவுலைக் கொல்ல மறுத்த அதே தாவீதுதான், சவுலின் ஈட்டி பாய்ந்தபோது சுவரோரம் நின்றுகொண்டிராமல் விலகித் தப்பி ஓடினார் (1 சாமுவேல் 19:10).

இரண்டாவது, ஒரே ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள். "எனக்குத் தீங்கு செய்த எல்லாரையும் மன்னிக்கிறேன்" என்பது யாரையும் மன்னிக்காமல் இருப்பதற்கு மிகவும் வசதியான வாக்கியம். அதே சமயம், வாழ்க்கையிலேயே மிகப் பெரிய காயத்தைத் தந்தவரிடமிருந்து தொடங்கவும் வேண்டாம். பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும், ஆனால் நினைத்தால் உடம்பு நடுங்காது என்ற அளவில் உள்ள ஒருவர் முதல் முறைக்குப் போதும்.

மூன்றாவது, வேறு யார் கையிலும் சிக்காத ஒரு நோட்டு, தினமும் கால் மணி நேரம், நம்பிக்கையான ஒரு துணை ஆகியவை வேண்டும். அந்தத் துணை உங்கள் கட்சியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அக்காவின் கதையில், தம்பியோடு ஏற்கெனவே வாய்க்கால் தகராறு உள்ள சித்தப்பா இதற்குத் தகுதியானவர் அல்லர். அவர் ஒவ்வொரு வாரமும் தீயில் விறகு வைப்பார். வேறு சேகரத்தை (சபை வட்டாரத்தை)ச் சேர்ந்த மூத்த விசுவாசி ஒருவரோ, வாயைக் காக்கத் தெரிந்த ஒரு தோழியோ பொருத்தமானவர்.

2. முதலில் தேவனிடம் முறையிடுங்கள்

இரக்கத்தைப் பற்றிய வழிகாட்டி முறையீட்டில் தொடங்குவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் சொல்லப்படாத குற்றச்சாட்டு மறைந்துபோவதில்லை. பின்னால் வரும் ஒவ்வொரு ஜெபத்துக்குள்ளும் அது வேறு வேடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வேதம் இதற்கு இடம் கொடுக்கிறது. சங்கீதம் 55 நெருங்கியவனின் துரோகத்தைப் பற்றியது: "என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன்." சங்கீதம் 109 இன்னும் கடுமையானது, எதிரியின் பிள்ளைகள் திக்கற்றவர்களாக வேண்டும் என்ற அளவுக்கு அதில் வார்த்தைகள் போகின்றன. இவை தியாகிகளின் பொறுமையைக் காட்டும் பாடல்கள் அல்ல. இவற்றின் பயன் வேறு: பழிவாங்கும் ஆசை இங்கே எதிரியிடம் போகாமல் தேவனிடம் போகிறது, அங்கேயே தங்கிவிடுகிறது.

ஒரு வாரம், நாளுக்கு ஒன்றாக இத்தகைய சங்கீதங்களை வாய்விட்டு வாசியுங்கள். 13, 55, 109 மூன்றையும் மாற்றி மாற்றி வாசித்தாலே போதும். பிறகு உங்கள் சொந்த வார்த்தைகளில் முறையிடுங்கள். மெருகேற்ற வேண்டாம். "கிறிஸ்தவர்கள் இப்படிப் பேசலாமா?" என்று இந்தப் படியைத் தாண்டிச் செல்கிறவர்கள்தான் ஏழாம் படியில் வந்து சிக்கிக்கொள்கிறார்கள்.

எப்போது நிறுத்துவது? புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாமல், அதே வாக்கியங்களையே திரும்பச் சொல்கிறீர்கள் என்று தெரியும்போது நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் முறையீடு ஒத்திகையாக மாறிவிடும்.

3. வேறு எங்கும் சொல்வதை நிறுத்துங்கள்

வடிகால் வெட்டாமல் கரையை மட்டும் உயர்த்தினால் குளம் உடையும். முறையீடு முதலில் வந்து, நாவடக்கம் இரண்டாவதாக வருவதற்குக் காரணம் இதுதான்.

இனிமேல் அந்த ஆளைப் பற்றி உங்கள் துணையிடம் மட்டும் பேசுங்கள். வழக்கு இருந்தால் வக்கீலிடமும், புகார் கொடுக்க வேண்டியிருந்தால் காவல் நிலையத்திலும், சபைப் பொறுப்பைப் பற்றிய பிரச்சினையானால் அதற்கு உரியவர்களிடமும் நடந்ததைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியிலும், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்திலும் அதைத் திறக்காதீர்கள்.

சபைகளில் இதற்கென்றே ஒரு தனிப் பொறி இருக்கிறது: ஜெபக்குறிப்பு. "என் தம்பியின் ரட்சிப்புக்காக ஜெபியுங்கள், பண ஆசை அவனை அப்படிப் பிடித்திருக்கிறது" என்று ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவது ஜெபம் அல்ல, தீர்ப்பைச் சுற்றுக்கு விடுவது. "எங்கள் குடும்பத்தில் ஒரு பிரச்சினை, சமாதானத்துக்காக ஜெபியுங்கள்" என்பது போதும். கேட்பவர்களின் ஆவலுக்கு அது தீனி போடாது. அதனாலேயே அது நல்ல ஜெபக்குறிப்பு.

4. செயலை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள்

ஆறாம் நூற்றாண்டில் காசாவில் வாழ்ந்த துறவி தொரொதேயு, தன் மடத்துச் சகோதரர்களுக்குக் கற்பித்த ஒரு வேறுபாடு இந்தப் பயிற்சியின் நடுக்கம்பம். "இன்னார் பொய் சொன்னார்" என்பது ஒன்று. "இன்னார் பொய்யர்" என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவது ஒரு செயலைப் பற்றியது. இரண்டாவது அந்த மனிதரின் முழு வாழ்க்கையின் மீதும் முத்திரை குத்துகிறது. அப்படிக் குத்தும் அதிகாரம் தேவனுக்கு மட்டுமே உரியது என்பது அவருடைய கருத்து. மூன்றாவதாக ஒன்றையும் அவர் சேர்த்தார்: அந்த ஆளை அருவருத்து ஒதுக்குவது. அதை எல்லாவற்றிலும் கொடியது என்றார்.

நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், மனத்தில் வருவதை வருகிறபடியே எழுதுங்கள். அக்கா எழுதினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"தம்பி திருடன். அப்பாவை ஏமாற்றினான். பெண்டாட்டி சொன்னபடி எல்லாம் ஆடுகிறான். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான்."

இப்போது ஒவ்வொரு வரிக்கும் நேராக, வலப்பக்கம், கண்ணால் கண்டதையும் பத்திரத்தில் உள்ளதையும் மட்டும் எழுதுங்கள்:

"அப்பா நோயுற்றிருந்தபோது வீடு தம்பி பெயருக்கு செட்டில்மென்ட் பதிவாகியிருக்கிறது. என்னிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா சுயநினைவோடு கையெழுத்திட்டாரா என்று எனக்குத் தெரியாது. தம்பி மனைவி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அந்த மூன்று வருடமும் அப்பாவின் படுக்கையை மாற்றியது அவர்கள் இருவரும்தான்."

கடைசி வரியைப் பாருங்கள். இடப்பக்கத்தில் அதற்கு நேரான வரி இல்லை. இப்படி, செயல்களை மட்டும் எழுதத் தொடங்கியதும், தீர்ப்பு மறைத்து வைத்திருந்த செய்தி ஒன்றாவது வெளியே வருவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன். அதனால் தம்பி செய்தது சரியாகிவிடாது. அக்காவுக்கு இழப்பு இழப்புதான். ஆனால் "திருடன்" என்ற சொல்லுக்காக ஜெபிப்பது கடினம். படுக்கை மாற்றிய கையோடு பத்திரமும் எழுதி வாங்கிய ஒரு மனிதனுக்காக ஜெபிக்க முடியும்.

இங்கே செய்யப்படும் பொதுவான தவறு, வலப்பக்கத்தில் நோக்கங்களை எழுதுவது. "சொத்துக்காகத்தான் பார்த்துக்கொண்டான்" என்பது செயல் அல்ல. உள்ளத்தைப் பற்றிய ஊகம் எதுவானாலும் இடப்பக்கத்துக்குத் தள்ளுங்கள்.

5. உங்கள் கண்ணைப் பாருங்கள்

தாழ்மை இங்கேதான் வேலை செய்யத் தொடங்குகிறது. அதை இதற்கு முன்பு வைத்தால் அது வெறும் பாவனையாகிவிடும். காயத்தைச் சொல்லி முடிக்காதவரிடம் "நீயும் பாவிதானே" என்று சொல்வது அவரை அடக்கி வைப்பதற்குச் சமம்.

ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய ஐசுவரியவானைப் பற்றி நாத்தான் சொன்னபோது, தாவீது கொதித்தெழுந்து மரண தண்டனையே விதித்துவிட்டார். "நீயே அந்த மனுஷன்" என்று கேட்கும்வரை தன்னை அங்கே அவர் பார்க்கவில்லை (2 சாமுவேல் 12). நாம் எந்தப் பாவத்தின்மேல் அதிகமாகக் கொதிக்கிறோமோ, அதன் சாயல் நம்மிடம் எங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் இந்தப் படி.

எகிப்தின் ஸ்கேத்தி பாலைவனத்தில் வாழ்ந்த துறவி மோசே முன்னாள் கொள்ளைக்காரர். தவறு செய்த சகோதரன் ஒருவனை விசாரிக்கக் கூடிய கூட்டத்துக்கு அவரையும் அழைத்தார்கள். அவர் கசிகிற குடம் ஒன்றில் தண்ணீரை நிரப்பிச் சுமந்துகொண்டு போனார். என்ன இது என்று கேட்டவர்களுக்கு, "என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, நான் அவற்றைப் பார்ப்பதில்லை, நானோ இன்று இன்னொருவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றார். கூட்டத்தார் அந்தச் சகோதரனை மன்னித்துவிட்டார்கள்.

நோட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதே செயலைச் சிறிய அளவில் நான் யாருக்காவது செய்திருக்கிறேனா? இந்தப் பகையில் என் பங்காக ஒரு சொல்லோ மௌனமோ உண்டா? தேவன் எனக்கு மன்னித்ததில் எதை நான் மறந்துவிட்டேன்? மூன்றாவதற்கு மத்தேயு 18-ஐ வாசியுங்கள். பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்ட வேலைக்காரன் நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அந்த நூறு வெள்ளிப்பணமும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலிதான். நமக்கு இழைக்கப்பட்டது அற்பம் என்று உவமை சொல்லவில்லை. பெற்ற மன்னிப்பு அதைப்போல ஆறு லட்சம் மடங்கு என்று மட்டும் சொல்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். "நான் மகா பாவி" என்று பொதுவாக எழுதுவது பயன் தராது. நாள், இடம், ஆள் குறிப்பிட்டு எழுதப்பட்ட ஒரே ஒரு சிறிய பாவம் அதைவிட அதிகம் தாழ்த்தும். மறுபக்கம், குழந்தைப் பருவத்தில் வன்கொடுமைக்கு ஆளானவர், குடும்ப வன்முறைக்கு உள்ளானவர் போன்றோர் இரண்டாம் கேள்வியை விட்டுவிடுங்கள். அங்கே உங்கள் பங்கு என்று ஒன்று இல்லை; இருப்பதாகத் தேடுவது காயத்தைக் கிளறும்.

நாள்தோறும் முடிவில் சொல்வதற்கு, எப்பிராயீம் என்ற சிரியப் பரிசுத்தவானின் பெயரில் வழங்கும் லெந்து ஜெபத்தைப் பரிந்துரைக்கிறேன். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் லெந்தின் வாரநாட்களில் தரையில் விழுந்து வணங்கி அதைச் சொல்வார்கள். அதன் கடைசி வேண்டுதல் இவ்வளவுதான்: என் குற்றங்களை நான் காணவும், என் சகோதரனுக்குத் தீர்ப்புச் சொல்லாதிருக்கவும் அருள்வீராக.

6. தீர்ப்பை ஒப்படையுங்கள்

தீர்ப்புச் சொல்லாதிருப்பது என்றால் தீமையைத் தீமை என்று சொல்லாதிருப்பது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கன்னத்தில் அறைந்த சேவகனிடம் இயேசு, "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்டார் (யோவான் 18:23). விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட பிலிப்பி பட்டணத்து அதிகாரிகள் ரகசியமாக அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்றார் பவுல் (அப்போஸ்தலர் 16:37). ஆக, அக்கா தன் பங்கைக் கேட்டு வழக்குப் போடுவது பாவம் அல்ல.

ஒப்படைக்க வேண்டியது வேறு: அந்த ஆள் கடைசியில் என்ன ஆக வேண்டும் என்ற முடிவு. "பழிவாங்குதல் எனக்குரியது, நானே பதிற்செய்வேன்" என்று ரோமர் 12:19 சொல்வது தீமைக்குக் கணக்கு இல்லை என்பதற்காக அல்ல. கணக்குப் பார்ப்பவர் ஒருவர் இருப்பதால் நாம் அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்கலாம் என்பதற்காக.

இந்த இரண்டையும் பிரித்து வாழ்ந்து காட்டியவராக கிளாடிஸ் ஸ்டெயின்ஸை நினைக்கிறேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர் கிரகாமும் மகன்கள் பிலிப்பும் திமோத்தியும் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக அவர் அறிவித்தார். மயூர்பஞ்சில் தொழுநோயாளர் பணியைத் தொடர்ந்தார். சட்டத்தின் வேலையை மட்டும் சட்டத்திடமே விட்டுவிட்டார். முக்கியக் குற்றவாளிக்கு விசாரணை நீதிமன்றம் 2003-ல் மரண தண்டனை விதித்தது, 2005-ல் உயர்நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. வழக்கு நடந்த அந்த ஆண்டுகளிலெல்லாம் அவருடைய மன்னிப்பு அதன் போக்குக்குக் காத்திருக்கவில்லை.

இந்தப் படியை ஒரு செயலாகச் செய்யுங்கள். நோட்டின் இடப்பக்கத்தில் எழுதியிருந்த தீர்ப்புகளை ஒவ்வொன்றாக வாசித்து, "ஆண்டவரே, இதை உம்மிடம் விட்டுவிடுகிறேன்" என்று சொல்லிக் கோடிட்டு அடியுங்கள். வலப்பக்கத்தை அடிக்காதீர்கள், நடந்தவை நடந்தவையே, வழக்குக்கும் அவை தேவைப்படலாம்.

7. பெயர் சொல்லி ஆசீர்வதியுங்கள்

இதுவே மையப் படி. மற்றவற்றையெல்லாம்விட அதிக நாட்களை இதற்கு ஒதுக்குங்கள். லெந்துக் காலத்தில் செய்கிறவர்கள் பாதி நாட்களையாவது கொடுக்க வேண்டும்.

முதலில், எப்படி ஜெபிக்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். "ஆண்டவரே, அவனுடைய கண்களைத் திறந்தருளும், அவன் செய்ததை உணரச் செய்யும், அவனை மாற்றும்." கேட்க மிகவும் ஆவிக்குரியதாக இருக்கும் இந்த ஜெபத்தில் ஜெபிப்பவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். தேவாலயத்தில் நின்று, "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்" என்று ஸ்தோத்திரம் செலுத்திய பரிசேயனின் இடத்தில்தான் நிற்கிறார் (லூக்கா 18:11). எதிரியின் மனந்திரும்புதலுக்காக ஜெபிப்பது தவறல்ல. ஆரம்பத்தில் அதைச் செய்தால், கோடிட்டு அடித்த தீர்ப்பு கைகூப்பிக்கொண்டு மறுபடி உள்ளே வந்துவிடும். ஆகையால் முதல் இரண்டு வாரங்களுக்கு அவரை மாற்றும்படி கேட்கவே வேண்டாம்.

கேட்க வேண்டியது, உங்களுக்காக நீங்கள் கேட்கிற நன்மைகளையே. அக்காவுக்குத் தன் மகள் நல்ல மதிப்பெண் எடுக்க வேண்டும் என்ற ஆசை இருக்கிறது. தம்பி மகனுக்கும் அதையே கேட்கட்டும். மூட்டுவலியிலிருந்து சுகம் வேண்டும். தம்பியின் சர்க்கரை நோய்க்கும் சுகம் கேட்கட்டும். ஜெபம் குறிப்பாக இருக்க இருக்க, எதிரி என்ற உருவம் கரைந்து, மாத்திரை சாப்பிடுகிற, பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிற ஒரு மனிதர் தெரியத் தொடங்குவார்.

வார்த்தை வராதவர்களுக்கு ஒரு சிறிய வடிவம்:

"ஆண்டவரே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும். (பெயர்) மேலும் கிருபையாயிரும். எனக்கு நீர் தருகிற ஆகாரத்தையும் சுகத்தையும் சமாதானத்தையும் அவருக்கும் தாரும். அவருடைய வீட்டின்மேல் உம்முடைய முகம் பிரகாசிக்கட்டும். ஆமென்."

முதல் வாக்கியத்தை ஒருபோதும் விடாதீர்கள். இருவரும் ஒரே கிருபைக்குக் கீழே வருகிறீர்கள் என்பதை அதுதான் நிலைநிறுத்துகிறது.

"உதட்டளவில்தான் சொல்கிறேன், மனம் ஒட்டவில்லை, இது மாய்மாலம் இல்லையா?" என்று அநேகமாக எல்லாருமே கேட்பார்கள். இல்லை. மாய்மாலம் என்பது மனிதர் காண்பதற்காகச் செய்வது. கதவைச் சாத்திக்கொண்டு, விருப்பமில்லாமலேயே கட்டளைக்குக் கீழ்ப்படிவது மாய்மாலம் ஆகாது. "ஜெபம்பண்ணுங்கள்" என்றுதான் மத்தேயு 5:44-ல் கட்டளை வருகிறது, ஜெபிக்கத் தோன்றும்வரை காத்திருங்கள் என்று வரவில்லை. மனம் ஒட்டவில்லை என்பதையும் தேவனிடமே சொல்லிவிட்டு, வார்த்தைகளைச் சொல்லுங்கள்.

படி முன்னேறுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. அந்த ஆளுக்கு ஏதோ நல்லது நடந்ததாகக் கேள்விப்படும்போது உங்கள் வயிறு என்ன செய்கிறது? நினிவே அழியாமல் தப்பியதைக் கண்டு யோனாவுக்கு வந்தது கடுங்கோபம். அவர் பிரசங்கம் பண்ணியது சரி, ஊர் மனந்திரும்பியதும் சரி. எதிரி பிழைத்துக்கொண்டது மட்டும் பொறுக்கவில்லை. "லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு" மேற்பட்டவர்களும் மிருகஜீவன்களும் இருக்கும் நகரத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமோ என்ற தேவனுடைய கேள்வியோடு அந்தப் புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. உங்களுக்கும் எரிச்சல் வந்தால் பயிற்சி தோற்றதாக எண்ணாதீர்கள், இன்னும் ஒரு வாரம் இதே படியில் இருங்கள்.

8. ஒரு சிறிய நன்மை செய்யுங்கள்

ஜெபம் தொடர்ந்த பிறகு கை வேலை செய்ய வேண்டும். வழிதப்பித் திரிகிற சத்துருவின் மாட்டையும் கழுதையையும் அவனிடம் கொண்டுபோய்விடச் சொல்கிறது யாத்திராகமம் 23. நம் காலத்துக்கு ஏற்றபடி: தம்பி வீட்டுக்குப் போகவேண்டிய தபால் பழைய பழக்கத்தில் அக்கா வீட்டுக்கு வந்தால், அதைச் சேர்த்துவிடுவது, சபையில் அவர் பெயரை யாராவது இழுக்கும்போது, அவர் செய்த நன்மை ஒன்றை உண்மையாகச் சொல்வது.

நன்மை சிறியதாகவும், சத்தமில்லாததாகவும், அவருக்கு உண்மையில் தேவைப்படுவதாகவும் இருக்கட்டும். பெரிய அன்பளிப்பு அவரைக் கடன்காரராக்கும், உங்களை மறுபடி மேடையில் ஏற்றும். ரோமர் 12:20-ல் வரும் "அக்கினித்தழல்களை அவன் தலையின்மேல் குவிப்பாய்" என்பதை நாசூக்கான பழிவாங்கலாக எடுத்துக்கொள்கிறவர்கள், அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசிக்கட்டும்: தீமையை நன்மையினாலே வெல்லு.

9. நேரில் போவது

எட்டுப் படிகளுக்குப் பிறகுதான் இது. எல்லாருக்கும் இது கட்டாயமும் அல்ல. வன்கொடுமை நடந்திருந்தால் தேவையே இல்லை. மன்னிப்பு உங்கள் பக்கத்து வேலை, ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். பவுல் அளந்துதான் எழுதினார்: "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" (ரோமர் 12:18).

போவதானால் மத்தேயு 18:15-ன்படி தனியாகப் போங்கள். மச்சினரையும் உபதேசியாரையும் கூட்டிக்கொண்டு போனால் அது பஞ்சாயத்து ஆகிவிடும். பண்டிகை நாளும், துக்க வீடும், கர்த்தருடைய பந்திக்கு முந்தின நிமிடமும் வேண்டாம். ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் நேரத்தில் எல்லாரும் பார்க்கக் கையை நீட்டுவது எதிராளியை மாட்டிவிடுவது.

முதலில் உங்கள் பங்கைச் சொல்லுங்கள், பிறகு செயலைச் சொல்லுங்கள், ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அக்கா சொல்லக்கூடியது இவ்வளவு: "தம்பி, அப்பாவை நீங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டதுக்கு நான் ஒரு நாளும் நன்றி சொல்லல. அது என் தப்பு. வீட்டை எழுதி வாங்கினதை என்கிட்ட சொல்லாதது எனக்கு ரொம்ப வலிச்சுது. அதை ஊரெல்லாம் சொல்லாம உன்கிட்டயே சொல்லணும்னு வந்தேன்." இதற்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும். "நான் உன்னை மன்னிச்சுட்டேன்" என்று முந்திக்கொள்ளாதீர்கள். மன்னிப்புக் கேட்காதவரிடம் அதை அறிவிப்பது அவர் காதில் தீர்ப்பாகத்தான் விழும்.

அவர் கோபப்பட்டால் வாதாடாமல் எழுந்து வந்துவிடுங்கள். அழுது மன்னிப்புக் கேட்டாலும், எல்லாவற்றையும் அன்றே பழையபடி ஆக்கிவிட வேண்டியதில்லை. எங்கேதி குகைக்கு வெளியே சவுல் சத்தமிட்டு அழுது, தாவீதை நீதிமான் என்றே ஒப்புக்கொண்டார். அதன்பின் சவுல் வீட்டுக்குப் போனார். தாவீதோ தன் ஆட்களோடு அரணான இடத்துக்கே ஏறிப்போனார் (1 சாமுவேல் 24:22). பத்திரம், பணம், பங்கு ஆகிய விவரங்களை வேறொரு நாளில், தேவையானால் வக்கீல் முன்னிலையில் பேசிக்கொள்ளுங்கள்.

10. கோபம் திரும்பி வரும்போது

வரும். பெரும்பாலும் வீட்டு வரி ரசீதையோ, பழைய குடும்பப் புகைப்படத்தையோ பார்க்கும்போது வரும். அப்போது எந்தப் படிக்குத் திரும்புவது என்று தெரிந்திருந்தால் போதும்.

பழைய காயமே வலிக்கிறது என்றால் இரண்டாம் படிக்குப் போய் ஒரு சங்கீதம் வாசியுங்கள். "இவன் திருந்தவே மாட்டான்" என்ற வாக்கியம் மனத்தில் ஓடினால் நான்காம் படிக்குப் போய், இன்று அவர் செய்தது என்ன என்பதை மட்டும் எழுதுங்கள். அவர் புதிதாக ஒரு தீங்கு செய்திருந்தால், பழைய பக்கத்தில் சேர்க்காமல் புதிய பக்கம் தொடங்குங்கள்; எத்தனை தரம் மன்னிப்பது என்று கேட்ட பேதுருவிடம் இயேசு ஏழெழுபதுதரம் என்று சொன்னது ஒவ்வொரு தரத்தையும் தனித்தனியாகச் சந்திக்க வேண்டியிருப்பதால்தான் என்று நான் வாசிக்கிறேன். கோபமே இல்லாமல் வெறும் அலட்சியம் மட்டும் இருந்தால், ஏழாம் படிக்குத் திரும்புங்கள். அது குணமாகிவிட்ட அடையாளம் அல்ல, தொரொதேயு மூன்றாவதாகச் சொன்ன ஒதுக்கிவைத்தல் அமைதியான முகத்தோடு வந்திருக்கிறது.

அந்த ஆளுக்கான ஜெபத்தை எப்போது நிறுத்துவது என்றும் கேட்கிறார்கள். தனி நோட்டுத் தேவைப்படாமல், உங்கள் குடும்ப ஜெபத்தில் மற்றப் பெயர்களோடு அவர் பெயரும் வந்துபோகத் தொடங்கியதும் நோட்டின் இடப்பக்கங்களைக் கிழித்துவிடலாம். அடுத்த ஆளுக்குப் புதிய பக்கம் திறங்கள். இம்முறை சற்றுப் பெரிய பெயராக இருக்கட்டும்.